மூன்று நாள் குறைந்த ஜோப் பெக்

சுவிற்சர்லாந்தில், துன் ஏரிக்கரை விடுதியின் குசினியில் மதியச் சாப்பாட்டுக் கோப்பைகள் இருநூற்றுப் பதினான்கையும் இயந்திரத்துக்குள் அனுப்பி முடித்துவிட்டு, கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றெட்டில் நிற்கும்போது கதவு திறந்தது. விடுதி முதலாளியின் தாயார் ஒரு தகர பிஸ்கற் பேணியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி ஈரத் தரையில் நின்றார்.

"ஹெர் வைத்திலிங்கம், உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வருமென்று சொல்கிறார்கள். உண்மையா?"

"வரும்."

"பழைய கையெழுத்து?"

"அதுதான் நன்றாக வரும்," என்றேன்.

அவர் பேணியை வைத்த இடம் நனைந்திருந்தது. நான் உடனே அதைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, உலர்ந்த மேசையில் வைத்தேன். உள்ளே காகிதம் இருப்பது சத்தத்தில் தெரிந்தது. காகிதத்துக்கு ஈரம் ஆகாது. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் என்னை நம்பியதாக அந்த அம்மா பிற்பாடு சொன்னார்.

கரண்டி எண்ணிக்கை விட்டுப்போயிற்று. நூற்றெட்டா, நூற்றொன்பதா என்ற சந்தேகம் அன்று மாலைவரை என்னை அரித்தது.

தகப்பன் பெயரில் ஒருவன்

இந்தத் தொடரில் சென்ற கிழமை வந்த அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார்: "இவர் எதையும் எண்ணாமல் ஒரு பக்கமாவது எழுத மாட்டாரா?" முயன்று பார்த்தேன். முதல் வரியிலேயே இருநூற்றுப் பதினான்கு வந்து உட்கார்ந்துவிட்டது. எண்பத்தெட்டு வயதில் இனி மாற வழியில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் நடுவில், ஐம்பதைத் தாண்டிய வயதில், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு சுவிற்சர்லாந்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் இருபத்து மூன்று வருடம் எழுதுவினைஞர். வெள்ளைக்காரர் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களின் சாய்ந்த எழுத்தும், மங்கிய மையும், பூச்சி தின்ற ஓரங்களும் எனக்குப் பழக்கம். எந்த எழுத்தைப் பூச்சி தின்றிருக்கும் என்று ஊகிப்பதில் அந்தக் கந்தோரில் எனக்கு நிகர் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. குசினியில் அது எதற்கும் உதவவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் சபாரத்தினம். வைத்திலிங்கம் என் தகப்பனார். தகப்பன் பெயரை முன்னால் எழுதுவது எங்கள் வழக்கம். இங்கே அதைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அன்றுமுதல் இந்த நாடு என்னைத் தகப்பனாரின் பெயர் சொல்லியே கூப்பிடுகிறது. "வைத்திலிங்கம், அந்தச் சட்டியை எடு!" என்று தலைமைச் சமையல்காரர் கத்தும்போது, ஊரில் ஒருவரும் 'நீ' என்று சொல்லத் துணியாத அந்த மனிதரை நினைத்துக் கூசிப்போவேன்.

ஒரு நாள்

அந்தக் கோடையில் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அதன் அளவும் ஒரு நாள்தான்.

என் தமையனார் ஒரு மாதத்தின் மூன்றாம் தேதி காலமானார். சந்திக்குப் பாண் வாங்கப் போனவர் சைக்கிளோடு வீதியில் கிடந்தார். சுட்டவர்கள் வந்த வாகனத்தின் நிறம் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு வீட்டுக்கு இரண்டு தடவை என்னைத் தேடி வந்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை கொழும்பு ரயில் ஏறினேன். ரயில் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். அடுத்த மாதம் மூன்றாம் தேதி என்று அதில் இருந்தது.

பேர்ண் நகரத்து முதல் விசாரணையில் அதிகாரி ஒரு கலண்டரை எடுத்தார். மூன்றாம் தேதியிலிருந்து முப்பத்தொரு நாள் தள்ளினார். அடுத்த மாதம் மூன்றாம் தேதி வந்தது.

"அன்று நீங்கள் சடங்கில் நின்றதாகச் சொல்கிறீர்கள். சீட்டின்படி அன்று ரயிலில் இருந்திருக்கிறீர்கள். இதில் எது பொய்?"

நானும் மனத்துக்குள் எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினாலும் மூன்றாம் தேதிதான் வந்தது. ஆனால் சடங்கு நடந்தது இரண்டாம் தேதி. ஐயர் கீரிமலைக் கடற்கரையில் நின்றது, நான் மொட்டை போட்டது எல்லாம் கண்ணுக்குள் நின்றன. ஒரு நாள் எங்கே போயிற்று? எதையும் எண்ணுகிற நான், வாழ்க்கையில் எண்ண வேண்டிய ஒரே இடத்தில் வாயடைத்து நின்றேன். 'முரண்பாடு' என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது விசாரணை ஒக்டோபரில். என்னோடு அகதி முகாமில் இருந்த ஒருவரை இதைவிடச் சின்ன முரண்பாட்டுக்கு நிராகரித்திருந்தார்கள். என் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். எனக்கு 'இல்லை' என்று வந்தால் அவர்களுக்கும் அதுதான்.

பேணிக்குள் இருந்தவை

முதலாளியின் தாயாருடைய பெயர் ஃப்ராவ் லூத்தி. நாங்கள் லூத்தியம்மா என்போம். அறைக் கதவில் 'லூத்தி-பெக்' என்று இருக்கும். லூத்தி கணவர் வழி, பெக் தகப்பன் அல்ஃபிரட் வழி. தகப்பனின் தகப்பன் ஹென்றி பெக் ஒரு ஆங்கிலேயர். வெள்ளைக்காரப் பயணிகளோடு குதிரைக்காரனாகத் துன்னுக்கு வந்து, ஒரு உள்ளூர்ப் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டார். லூத்தியம்மா விருந்தினரிடம் பழகிய ஆங்கிலத்தில் நன்றாகக் கதைப்பார். பழைய கையெழுத்துத்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

பேணிக்குள் ஏழு கடிதங்கள், ஒரு திருமணச் சான்று, குதிரையோடு ஹென்றி நிற்கும் ஒரு படம், அவர் கைப்பட எழுதிய ஒரு துண்டு. 'என் தகப்பன் ஜோப் பெக், ஸ்டான்போர்ன் ஊருக்கு உரியவர்' என்று துண்டில் இருந்தது.

"ஜோப் பெரிய நிலச்சொந்தக்காரர்," என்றார் லூத்தியம்மா. "என் தகப்பன் அப்படித்தான் சொல்வார். நவம்பரில் எனக்கு எழுபத்தைந்து. கண்ணாடி ஓவியருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்."

இங்கே குடும்பங்களுக்குச் சின்னம் உண்டு. கேடயம் போல ஒரு வடிவம், அதற்குள் கரடியோ மலையோ நட்சத்திரமோ. அதை வண்ணக் கண்ணாடியில் தீட்டி யன்னலில் தொங்கவிடுவார்கள். சாப்பாட்டு மண்டபத்து யன்னலுக்காக அவர் சொல்லிவைத்த கண்ணாடியில் இடது பாதி லூத்தி சின்னம். வலது பாதி பெக் சின்னத்துக்காகக் காத்திருந்தது.

ஸ்டான்போர்ன் கோயிலுக்கு அவர் இரண்டு கடிதம் போட்டிருந்தார். எங்கள் பதிவேட்டில் பெக் என்று ஒருவரும் இல்லை என்று இரண்டு தரமும் ஒரே வரியில் பதில்.

"எப்படி இல்லாமல் போகும்?" என்று அவருக்குக் கோபம்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சுவிஸ்காரருக்கு எங்கே பிறந்தார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் பிறகுதான். முன்னோரின் ஊர் என்று ஒன்று காகிதத்தில் இருக்கும். வாழ்நாளில் ஒருநாளும் போய்ப் பார்த்திராத மலைக் கிராமமாகக்கூட இருக்கும். ஆனால் குடும்பப் பதிவேடு அங்கேதான். ஸ்டான்போர்ன் ஊருக்கு உரியவர் என்றால் ஸ்டான்போர்னில் எல்லாம் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார்.

நான் ஏழு கடிதங்களையும் வாசித்தேன். எல்லாம் ஹென்றியின் தங்கை எழுதியவை. மாடு கன்று போட்டது, வேலி விழுந்தது, அம்மாவுக்கு இருமல். ஏழிலும் மேல் மூலையில் இருந்த ஊர் ஆல்டர்விக்.

"இங்கே எழுதிப் பார்ப்போம்," என்றேன்.

"அது அவள் வேலைக்குப் போன இடமாக இருக்கும். அவர்கள் ஊர் ஸ்டான்போர்ன்."

"அம்மா, உறுதி எங்கே எழுதப்பட்டதோ அங்கேதான் அதன் பிரதி கிடக்கும். காணி எங்கே இருக்கிறது என்று தேடினால் அரைவாசி உறுதி அகப்படாது."

அவர் கடிதங்களைப் பேணிக்குள் அடுக்கினார். "எழுதுங்கள். இன்றைக்கு எட்டு நாளில் வருகிறேன்," என்று எழுந்தார்.

அன்று புதன்கிழமை. அடுத்த புதன்கிழமை சரியாக வந்தார்.

குணத்தின் வாய்

என்னோடு கோப்பை கழுவிய குணசீலன் என்ற குணம் வடமராட்சிக்காரன். முப்பத்திரண்டு வயது. வாய்க்குப் பூட்டில்லை.

"என்ன அண்ணை, எட்டு நாளெண்டு போட்டு ஏழு நாளில வந்து நிக்கிறா? லூத்தியம்மாவுக்கு எண்ணத் தெரியாதோ?"

"இந்த ஊரில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். ஒரு கிழமையெண்டா எட்டு நாள்."

"உங்களுக்கும் லூத்தியம்மாவுக்கும் நல்லாத்தான் பொருந்துது. வெள்ளைக்காரன்ர பூட்டனைத் தேடுறியள். உங்கட பூட்டன்ர பேர் தெரியுமோ முதல்ல?"

எனக்குச் சுரீரென்றது. "தெரியும். வைத்திலிங்கம், கந்தப்பர், வேலாயுதர்."

உண்மையில் எல்லோருக்கும் அப்படி மூன்று பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஐயர் கேட்பார். தகப்பன், பாட்டன், பூட்டன். எள்ளையும் தண்ணீரையும் விட்டுக்கொண்டே மூன்று பெயரையும் சொல்ல வேண்டும்.

"வேலாயுதருக்கு மேல?"

"தெரியாது."

"அப்ப லூத்தியம்மாவும் நீங்களும் ஒண்டுதான். மூண்டோட முடிஞ்சுது," என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பகிடிக்குச் சொன்னனான் அண்ணை. உங்கட விசாரணைக்கு இன்னும் எத்தினை நாள்?"

"அறுபத்தொண்டு."

"எண்ணாதேங்கோ."

ஆல்டர்விக் பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தை நான்கு தரம் திருத்தினேன். மூன்றாவதில் 'தயவுசெய்து' இரண்டு தடவை வந்துவிட்டது. தபால்பெட்டிக்குள் போட்ட பிறகு, முத்திரை சரியாக ஒட்டியதா என்று யோசித்துக்கொண்டு பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே ஆறு பச்சையாக, அவசரமில்லாமல் போனது.

இருவர் முன்னிலையில்

இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. பாதிரியார் நல்ல மனிதர். மாவட்டப் பதிவேட்டுக் கந்தோருக்குப் போய் இரண்டு பிரதிகள் எடுத்து அனுப்பியிருந்தார். முதலாவது பிரதி, ஜோப் பெக் என்ற கூலிக்காரரை இரண்டு நீதவான்கள் விசாரித்த பதிவு.

அக்காலத்து ஆங்கிலக் கிராமங்களில் ஒரு ஏற்பாடு இருந்ததாகப் பாதிரியார் விளக்கியிருந்தார். ஏழை ஒருவன் நோயில் விழுந்து ஊரிடம் உதவி கேட்டால், முதல் கேள்வி 'நீ இந்த ஊரவனா?' என்பதுதான். கலியாணமாகாதவன் ஒரே எசமானிடம் முழு ஒரு வருடம் வேலை செய்திருந்தால் அந்த ஊரவன் ஆகிவிடலாம். இல்லையென்றால் தகப்பனுக்கு உரிமையான ஊருக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

குசினி மேசையைத் துடைத்து, பழைய பத்திரிகை விரித்து, பிரதியை அதன்மேல் வைத்து வாசித்தேன். குணம் பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

எங்கே பிறந்தாய்? யாரிடம் வேலை செய்தாய்? எந்த நாளில் சேர்ந்தாய்? எந்த நாளில் விலகினாய்? அதற்குச் சாட்சி யார்? இப்போது மனைவி எங்கே? பிள்ளைக்கு எத்தனை மாதம்?

குணத்தின் கத்தி நின்றுவிட்டது. "அண்ணை, இதென்ன எங்கட விசாரணை மாதிரிக் கிடக்கு? உந்த மனிசன் என்ன அகதியெண்டு அசூலோ அடிச்சவர்?"

"ஓம் போல கிடக்கு. சொந்த நாட்டுக்குள்ளயே. பதினொரு மைல் தூரத்தில இருக்கிற ஊருக்கு அனுப்பப் பாக்கினம்."

"பதினொரு மைலோ? கைதடியிலயிருந்து கொடிகாமம் போற தூரம்!"

ஜோப் சொன்ன பதில், தான் ஆல்டர்விக்கில் வயல்கள் வைத்திருந்த ஒரு கமக்காரரிடம் ஒரு வருடம் வேலை செய்ததாக. செப்டம்பர் இருபத்தொன்பதில் வரும் மிக்கேல் அதிதூதர் திருநாள் கழிந்த மூன்றாம் நாள் சேர்ந்து, அடுத்த வருடத் திருநாளன்று விலகியதாக. நீதவான்கள் அதை ஒரு வருடமாக ஏற்கவில்லை. அந்தக் கமக்காரர் எல்லாக் கூலிக்காரரையும் அப்படித்தான் மூன்று நாள் கழித்துச் சேர்ப்பாராம். ஒருவனும் அந்த ஊரவனாகிவிடக் கூடாது என்று. கீழே ஜோப் பெயரெழுத வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் ஒரு கோடு மற்றதைவிட நீளம்.

இரண்டாவது பிரதி, ஜோப், மனைவி ஆன், கைக்குழந்தை ஆகியோரை ஸ்டான்போர்னுக்கு அனுப்பும் உத்தரவு. தகப்பன் வழியில் மட்டும் அவருக்கு உரிமையான, அவர் ஒருநாளும் பார்த்திராத ஊர்.

எனக்குப் பொறுக்கவில்லை. கலண்டரை எடுத்து நானே எண்ணினேன். ஒக்டோபர் இரண்டிலிருந்து செப்டம்பர் இருபத்தொன்பது. முந்நூற்று அறுபத்து மூன்று வந்தது. சரிபார்க்க ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழித்தேன். முந்நூற்று அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். முந்நூற்று அறுபத்து மூன்று.

"ஏன் மாறி மாறி வருது?" என்றேன் எரிச்சலோடு.

குணம் எட்டிப் பார்த்தான். "நீங்கள் சேர்ந்த நாளையும் ஒண்டெண்டு எண்ணுறியள். கழிச்சா அந்த நாள் விழுந்துபோம். செத்தவீட்டுக்கு எண்ணுற மாதிரி எண்ணுறியள் அண்ணை. செத்த அண்டைக்கே ஒண்டு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

எப்படி எண்ணினாலும் ஜோப்புக்கு வருடம் நிறையவில்லை. ஆனால் என் ஒரு நாள் கிடைத்துவிட்டது. ஐயர் தமையனார் இறந்த மூன்றாம் தேதியை ஒன்று என்று எண்ணினார். முப்பத்தொன்று இரண்டாம் தேதி விழுந்தது. அதிகாரி நாலாம் தேதியை ஒன்று என்று எண்ணினார். அவர் முன்னால் இருந்த பயத்தில் நானும் அவரைப் போலவே எண்ணினேன். எண்ணத் தெரிந்தவனுக்கும், தான் எந்த இடத்தில் தொடங்குகிறான் என்பது கண்ணில் படுவதில்லை.

"இதை அவைக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்றேன். "எங்கட வழக்கம் எண்டு சொன்னா, இப்ப கட்டிச் சொல்லுறான் எண்டு நினைப்பினம்."

குணம் கிழங்கைக் கீழே வைத்தான். "லூத்தியம்மாவின்ர எட்டு நாளைக் கேளுங்கோ."

புதன்கிழமை

ஆனால் அதற்கு முன் லூத்தியம்மாவிடம் ஜோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நிலச்சொந்தக்காரரைத் தேடித் தரச் சொன்னவருக்கு, வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்ட கூலிக்காரரைத் தேடி வைத்திருக்கிறேன். பிரதிகள் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பதிவுக் கந்தோரில் இருந்தவனுக்கு அது முடியாது.

வாசித்தேன். மெதுவாக, எதையும் விடாமல்.

அவர் பெருக்கல் குறியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வெளியே கப்பல் ஊதியது.

"மூன்று நாளா?" என்றார்.

"மூன்று நாள்."

"அந்தக் கமக்காரன் தெரிந்தே செய்தானா?"

"தெரிந்தேதான், அம்மா."

"என் தகப்பன் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார்."

"அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஸ்டான்போர்ன் ஊருக்கு உரியவர் என்று காகிதத்தில் இருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு நிலம் இருந்த மாதிரித்தான் கேட்கும்."

அவர் பேணியை மூடினார். கோபமா, அழுகையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவருகே போய்த் திரும்பினார். "அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்டு எழுதுங்கள். எட்டு நாளில் வருகிறேன்."

கலண்டர் கட்டங்கள்

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை பேர்ண் போனேன். நிலையத்திலிருந்து அந்தக் கந்தோருக்கு எழுநூற்று நாற்பது அடி. வேறு அதிகாரி, வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டிருந்தார். மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஆள்தான். "பதட்டப்படாதேங்கோ ஐயா," என்று மெல்லச் சொன்னார்.

சடங்கு, சீட்டு, மூன்றாம் தேதி. அதே கேள்வி வந்தது.

"நான் ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றேன்.

அதிகாரி தலையசைத்தார்.

"இன்றைக்கு எட்டு நாளில் என்றால் உங்களுக்கு எந்தக் கிழமை?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னார். அதிகாரி யோசிக்கவே இல்லை. "வியாழக்கிழமை."

"இன்றைக்கும் வியாழக்கிழமை. அப்படியென்றால் நீங்கள் இன்றையும் சேர்த்துத்தான் எண்ணுகிறீர்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு நாங்களும் அப்படியே எண்ணுவோம். தமையனார் போன நாள் ஒன்று."

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். மேசைக் கலண்டரைத் தன் பக்கம் இழுத்து, பென்சில் முனையை மூன்றாம் தேதிக் கட்டத்தில் வைத்தார். உதடு அசைய, ஒவ்வொரு கட்டமாகப் போனார். பதினேழில் ஒரு தரம் தடுமாறி, திரும்பப் போய்த் தொடங்கினார். நானும் அவரோடு மனத்துக்குள் எண்ணினேன்.

பென்சில் அடுத்த மாதம் இரண்டாம் தேதியில் நின்றது.

அவர் இரண்டு வரி எழுதினார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

வேலி

அந்தக் கிழமையே ஆல்டர்விக்கிலிருந்து இரண்டாவது கடிதம் வந்திருந்தது. பாதிரியார் ஊர்க் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியிருந்தார். ஜோப்பின் குடும்பத்தைக் கொண்டுபோக ஒரு வண்டியும் குதிரையும் என்று ஒரு பதிவு. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் இன்னொரு பதிவு: கோயில் தோட்டத்து வேலி அடைத்தவர், ஜோப் பெக்.

லூத்தியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"திரும்பி வந்துவிட்டாரா?"

"வந்திருக்கிறார். பதினொரு மைல். கைக்குழந்தையோடு நடந்திருப்பார்கள்."

"யாரும் பிடித்துத் திருப்பி அனுப்பவில்லையா?"

"வேலி அடைக்க ஆள் தேவைப்பட்டிருக்கும்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் அவருடைய சிரிப்பை அன்றுதான் முதலில் பார்த்தேன். மேலே ஒரு பல் பொன்.

அங்கே ஜோப்புக்கு ஏழு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். ஆறாவது ஹென்றி. இருவர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அந்தக் கடிதத்தோடு வந்த கடைசிப் பிரதி அடக்கப் பதிவேடு. ஜோப் பெக், வயது எழுபத்து நான்கு. பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார்கள் வழக்கமாக எழுதும் சொல்: இந்த ஊரவர்.

அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

நவம்பரில் கண்ணாடி வந்தது. சாப்பாட்டு மண்டபத்து யன்னலில் தொங்கவிட்டார்கள். பெக் பாதியில் நீலத்தின்மேல் மூன்று நட்சத்திரம். சின்னம் இல்லாத குடும்பம் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள இங்கே தடையில்லை என்று ஓவியர் சொல்லியிருந்தாராம். விருந்தினர் நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டால் லூத்தியம்மா, "அவை மூன்று நாட்கள்," என்பார். அதற்குமேல் விளக்க மாட்டார். குசினிக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு முடிவு வரப் பதினோரு மாதம் ஆயிற்று. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை ஒன்பது தரம் வாசித்தேன். முரண்பாடு என்ற சொல் எங்கும் இல்லை. அடுத்த வருடம் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். மூன்று பேர், ஐந்து பைகள். ஆறு என்று எழுதியிருந்தார்களே, ஒன்றை எங்கே விட்டீர்கள் என்று விமான நிலையத்தில் நான் கேட்டதை மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

முப்பத்தொன்று

லூத்தியம்மா எண்பதுகள் முடியும் முன்பு, ஒரு மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தார். நித்திரையிலேயே. கோயிலில் பாட்டு, பிறகு விடுதியில் எல்லோருக்கும் இறைச்சியும் சீஸும். அதோடு அவர்கள் முடித்துக்கொண்டார்கள். முப்பத்தோராம் நாள் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். போன நாளை ஒன்று என்று வைத்து.

அன்று மதியக் கோப்பைகள் முடிந்ததும் மேலங்கியை மாட்டினேன். நான் எங்கே போகிறேன் என்று குணம் கேட்கவில்லை. கைகளைத் துடைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு கடதாசிப் பையில் எள்ளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். அவனும் எண்ணியிருக்கிறான்.

ஏரிக்கரையில் படிகள் ஏழு. கடைசிப் படியில் பனி உருகி ஈரமாக இருந்தது. வழுக்கிவிடுவேனோ என்று பயந்து, குணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தண்ணீர் விரலைக் கடித்தது. பெண் ஒருத்திக்கு, அதுவும் வெள்ளைக்காரிக்கு, சொந்தமில்லாத ஒருவன் இதைச் செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு ஐயரும் இல்லை.

"பேரைச் சொல்லுங்கோ அண்ணை," என்றான் குணம்.

முதலில் லூத்தியம்மாவின் பெயரைச் சொன்னேன். பிறகு மூன்று பெயர்.

"தகப்பன் அல்ஃபிரட். பாட்டன் ஹென்றி. பூட்டன் ஜோப்."

எள்ளை விட்டேன். அது தண்ணீரில் கொஞ்சம் நின்று, பிறகு கரையை விட்டு விலகிப் போனது. ஐயர் பெயர்களோடு நிறுத்திவிடுவார். குணம் நிறுத்தவில்லை.

"ஊர்?"

"ஆல்டர்விக்," என்றேன்.